வலது கைக்கான விண்ணப்பம்

குழந்தைகளின் சட்டைகளுக்கு அழுத்துப் பொத்தான் அடிப்பதுதான் ஆறு வருடமாக என் வேலையாக இருந்தது. கல்முனைக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டாவது வயதில் சேர்ந்தேன். மேசையோடு பூட்டிய சிறிய இரும்பு இயந்திரம், அதன் வலது பக்கத்தில் ஒரு கைபிடி. இடது கையால் துணியை வைத்துப் பொத்தானின் இரண்டு பாதிகளையும் அச்சில் பொருத்த வேண்டும். பிறகு வலது கையால் பிடியைக் கீழே இழுத்தால் பொத்தான் ஏறிவிடும். ஒரு சட்டைக்கு நான்கு பொத்தான், சில ஓடர்களில் ஆறு. அன்றைக்கு எத்தனை சட்டை முடிக்க வேண்டும் என்பதை சுப்பர்வைசர் காலையில் பலகையில் எழுதிவிடுவார்.

நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. புதிதாக வருபவர்களை என் மேசைக்குப் பக்கத்தில்தான் இரண்டு நாள் நிறுத்துவார்கள், பார்த்துப் பழகட்டும் என்று. எனக்கு அடுத்த இயந்திரத்தில் தம்பிலுவிலில் இருந்து வரும் ஓர் அக்கா இருந்தார். தொழிற்சாலை பஸ் அவரை விடியற்காலையிலேயே ஏற்றிக்கொண்டு வரும். வேகத்தில் அவரும் நானும் சமன். இடைவேளையில் என் சாப்பாட்டுப் பெட்டியையும் அவர் பெட்டியையும் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக் கதைகளைப் பேசுவோம். கை வலியைப் பற்றி இருவருமே பேசியதில்லை. வலிக்கிறது என்று சொன்னால் மெதுவாகச் செய்கிறவள் என்ற பெயர் வந்துவிடும் என்று அவரும் நினைத்திருக்கிறார், நானும் நினைத்திருக்கிறேன். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வலிக்கு முதல் வந்தது விறைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டுத் தஸ்பீஹ் எண்ணிக்கொண்டிருந்தேன். வலது கை விரல்களின் கணுக்களைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவது சின்ன வயதுப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். அன்று பாதியில் கணக்குத் தவறியது. பெருவிரல் எந்தக் கணுவில் நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தொடுகிற விரலுக்கும் உணர்வில்லை, தொடப்படுகிற விரலுக்கும் உணர்வில்லை.

எண்ணெய் தடவினேன். சுடுதண்ணீரில் கையை வைத்தேன். தொழிற்சாலை மருந்தறையில் தைலமும் இரண்டு பனடோலும் தந்தார்கள். வேறு மெசினுக்கு மாற்றித் தரச் சொல்லி சுப்பர்வைசரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், இந்த ஓடர் போகட்டும் என்றுதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு என் கணவரின் சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. எங்கள் ஊரில் கலியாணச் சாப்பாடு சஹனில்தான். ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, அதைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். நான் பிடித்த சோறு வாய்க்குப் போகும் வழியிலேயே கொட்டியது. ஒரு தடவை என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்றாவது தடவை எனக்கு முன்னால் விரித்திருந்த சீலையில் சோறு கிடந்தது. பக்கத்தில் இருந்த மதினி, என் கணவரின் மூத்த சகோதரி, எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளி வைத்தார். பிள்ளைகளுக்குச் செய்கிற வேலை அது. எத்தனை நாளாக இப்படி என்று மெதுவாகக் கேட்டார். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். எட்டு மாதம். அந்தக் கணக்கை வாயால் சொன்னபோதுதான் எனக்கே கோபம் வந்தது. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் என்னைவிட வயதில் சின்னவர். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, மணிக்கட்டை மடித்து, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொன்னார். இடது கைக்கு ஒன்றுமில்லை. வலது கையில் அரை நிமிடத்துக்குள் மூன்று விரல்களிலும் எறும்பு ஊர்ந்தது. மணிக்கட்டின் உட்பக்கம் விரலால் தட்டினார். மின்சாரம் தொட்டதுபோல் நடுவிரல் நுனிவரை போனது. பெருவிரலின் அடியில் சதை வற்றிப்போயிருப்பதை அவர் காட்டித்தான் நான் கண்டேன். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பெண்களின் கைபோல இருந்தன.

"எந்தக் கையால எழுதுவீங்க?" என்று கேட்டார்.

"இடது கையால."

"தேங்காய் திருவுறது, உடுப்புப் பிழியுறது?"

"எல்லாம் இடதுதான் டொக்டர். சாப்பாடு மட்டும் வலது. அது சின்னதில உம்மா அடிச்சுப் பழக்கின."

அவர் சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டார். என்ன வேலை என்று கேட்டதற்கு நான் வாயால் விளக்கவில்லை. அவருடைய மேசை விளிம்பைப் பிடித்து, பிடியை இழுக்கும் விதத்தை நடித்துக் காட்டினேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றார். சொன்னேன். பேனையை வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார்.

நரம்புச் சோதனைக்கு மட்டக்களப்புக்கு அனுப்பினார். மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது என்றும், வலது கையில் மட்டும்தான் என்றும், ஒபரேசன் செய்யத்தான் வேண்டும் என்றும் முடிவு வந்தது. அதே வேலைக்குத் திரும்பப் போனால் ஒபரேசனாலும் பயனில்லை என்று டொக்டர் சொன்னார். அப்படியென்றால் இது வேலையால் வந்தது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். தான் கண்டதையும், நான் செய்து காட்டியதையும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதையும் எழுதலாம், அதற்கு மேல் எழுத மாட்டேன் என்றார். அது போதும் என்றேன். அது உண்மையிலேயே போதுமாக இருந்தது.

அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் தொழிற்சாலையின் மனிதவள முகாமையாளரைப் பார்க்கப் போனேன். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். தேத்தண்ணீர் எடுப்பித்தார், உம்மாவின் சுகம் விசாரித்தார். பிறகு அன்பாகவே சொன்னார்:

"பொம்புளயளுக்கு இந்த வயசில வாறதுதான் தங்கச்சி. தேங்காய் திருவுறதும் உடுப்புக் கழுவுறதும் மாப் பிசையிறதும் கொஞ்ச வேலையா? ஃபெக்டரியில அப்பிடி என்ன பாரம் தூக்கின?"

மேசையில் ஒரு தாளைத் தள்ளி வைத்தார். சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், நிறுவனத்திடம் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. ஒப்பம் வைத்தால் நிர்வாகம் மனமிரங்கி ஓர் உதவி செய்யும் என்றார். உதவி என்ற சொல்லை அவர் மூன்று தடவை சொன்னார்.

"உதவி வேணாம் சேர்," என்றேன். "நட்டஈடுதான் வேணும். ஒபரேசனுக்கு லீவும், திரும்பி வந்தா வேற வேலையும் வேணும்."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். துணிவு என்று நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆறு வருடம் ஒரு பொத்தான்கூட கோணலாக அடிக்காதவள் நான். கேட்பதற்கு உரிமை உள்ளவள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தாளை வாசிக்க வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று மடித்துப் பையில் வைத்தேன். அவர் தடுக்க நினைத்துக் கையை நீட்டிவிட்டு, பிறகு விட்டுவிட்டார்.

என் கணவர் ஒலுவில் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவர். சண்டை சச்சரவு பிடிக்காத மனிதர். அன்று பின்னேரம் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, இது வருசக்கணக்காக இழுபடும் என்றார். வேறு ஃபெக்டரியும் இனி உன்னை எடுக்காது என்றார்.

"போட்டு எஞ்சினில ஒரு சாமான் ஓடி ஓடித் தேஞ்சா, ஆருட செலவில மாத்துற?" என்று கேட்டேன்.

"முதலாளிட செலவிலதான்."

"அந்தச் சாமான் தேய்ஞ்சது எஞ்சின்ட குணம் எண்டு அவர் சொல்ற இல்லயே."

அவர் தாளை மடித்து என்னிடம் தந்தார். கை கழுவப் போனார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது டொக்டரின் கடிதத்தையும் சோதனை முடிவையும் நான்கு நான்கு பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல உறையும் வாங்கி வந்திருந்தார். அதற்குப் பிறகு, இது வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். இரண்டு பக்கம். ஒன்று தொழிற்சாலைக்கு, ஒன்று தொழில் அலுவலகத்துக்கு, இரண்டும் பதிவுத் தபாலில். எங்களிடம் வரும் ஒவ்வொரு சட்டைக் கட்டோடும் ஓர் அட்டை வரும். கட்டை முடித்ததும் அதன் ஓரத் துண்டைக் கிழித்து எங்கள் கொப்பியில் ஒட்டிக்கொள்வோம், மாத முடிவில் யார் எவ்வளவு செய்தார் என்று பார்ப்பதற்காக. அந்தக் கொப்பிகளைத் தேடினேன். முதல் நான்கு வருடத்தவை போய்விட்டன. பின்பக்கங்களில் மகள் படம் கீறி, பழைய கடதாசியோடு நானேதான் போட்டிருந்தேன். கடைசி இரண்டு வருடத்துக் கொப்பிகள் அலுமாரிக்கு மேலே இருந்தன. ஒவ்வொரு துண்டிலும் திகதியும் எண்ணிக்கையும் தொழிற்சாலையின் சொந்த முத்திரையும் இருந்தன; அவற்றின் பிரதிகளையும் விண்ணப்பத்தோடு வைத்தேன்.

அப்போதுதான் தம்பிலுவில் அக்காவின் நினைவு வந்தது. அவர் வேலையை விட்டு ஐந்தாறு மாதமாகியிருந்தது. குடும்பக் காரணம் என்று சொல்லிவிட்டுத் திடீரென்று நின்றவர். ஒரு சனிக்கிழமை பொத்துவில் பஸ்ஸில் ஏறித் தம்பிலுவிலில் இறங்கினேன். என்னைக் கண்டதும் அவருக்குச் சந்தோசம். தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டு வந்தார். சின்னக் கிளாஸ்தான், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நான் வந்த காரணத்தைச் சொல்ல முதலே, "உங்கட கை எப்பிடி அக்கா?" என்று கேட்டேன்.

அவர் கிளாஸை வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

"மூணு விரலும் செத்த மாதிரித்தான் புள்ள. மீன் வெட்டக்குள்ள விரல் வெட்டுப்பட்டாலும் ரத்தத்தைக் கண்டாத்தான் தெரியுது."

அவருக்கும் அதே அறையில் அதே தாளைத்தான் கொடுத்திருந்தார்கள். அவர் ஒப்பம் வைத்துவிட்டார். விசாரணைக்கு வந்து சொல்வீர்களா என்று கேட்டபோது தலையை ஆட்டினார். ஒப்பம் வைத்த பிறகு இனி என்ன கதைக்கிறது என்றார்.

"வேலைய விடுறன் எண்டுதானே நீங்க ஒப்பம் வச்ச," என்றேன். "கை நல்லா இரிக்கி எண்டு ஒப்பம் வைக்கல்லயே."

அவர் தன் மூன்று விரல்களையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த தன் கிளினிக் கொப்பியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

விசாரணை கல்முனையில் நடந்தது. தொழில் அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண். மெதுவாகப் பேசுவார், யாரும் பேசும்போது நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டே இருப்பார். முகாமையாளரும் சுப்பர்வைசரும் ஒரு பக்கம், நானும் அக்காவும் மறுபக்கம். முகாமையாளர் தயாராக வந்திருந்தார். வீட்டு வேலையால் வரும் நோய் இது என்றும், எந்தப் பெண்ணுக்கும் வரலாம் என்றும், நான் தொழிற்சாலைக்கு வெளியேயும் பல வேலைகள் செய்பவள் என்றும் நிதானமாகச் சொன்னார். தேங்காய் திருவுவதையும் மாப் பிசைவதையும் இன்னொரு தடவை சொன்னார். எனக்குப் பதில் சொல்ல முறை வந்தது.

"சேர் சொல்ற எல்லா வேலையும் நான் செய்றதான்," என்றேன். "ஆனா அதெல்லாம் இடது கையால. நான் இடது கைக்காரி. வீட்டு வேலையால வந்தா இந்த இடது கையிலதானே வரோணும்?"

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் பக்கம் நகர்த்தி, முகவரியை எழுதச் சொன்னார். எழுதினேன். டொக்டரின் கடிதத்தை எடுத்து, நான் இடது கைக்காரி என்று எழுதியிருந்த வரியைத் தேடி அடிக்கோடிட்டார். முகாமையாளர் ஏதோ சொல்ல வந்து, சுப்பர்வைசரைப் பார்த்தார். சுப்பர்வைசர் கீழே பார்த்துக்கொண்டு, ஓம், அவ நூல் வெட்டுறதும் இடது கையாலதான் என்று சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னதற்காக இன்றுவரை அவருக்கு என் மனதில் மரியாதை உண்டு.

பிறகு அக்கா பேசினார். அவர் வலது கைக்காரிதான், ஆனால் அவரும் அதே மெசினில் நான்கு வருடம் இருந்தவர், அவருக்கும் அதே மூன்று விரல்கள்தான். இரண்டு கிளினிக் கொப்பிகளையும் அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மெசினை நேரில் பார்க்க வருகிறேன் என்று சொல்லி முடித்தார்.

அவர் வந்த நாளுக்கு முதல் நாள் எல்லாப் பிடிகளுக்கும் எண்ணெய் போட்டிருந்தார்கள். ஆறு வருடத்தில் நான் கண்ட முதல் எண்ணெய். மெசின்களில் இருந்த பெண்பிள்ளைகள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து, எப்படிச் செய்வதென்று காட்டச் சொன்னார். காட்டினேன். வெட்டுத் துண்டுத் துணியில் அவரே அடிக்கத் தொடங்கினார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே அடித்தார். முப்பதில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். அறுபதுக்குப் பிறகு பிடியை இழுக்கத் தோளையும் சேர்த்தார். நூறு ஆனதும் எழுந்து மணிக்கட்டைப் பிசைந்துகொண்டே பலகையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த எண்ணைத் தன் கோவையில் எழுதினார்.

அதற்குப் பிறகும் உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. நட்டஈட்டு விண்ணப்பம் வேறொரு பிரிவுக்குப் போனது, கடிதங்கள் வந்தன, ஒரு தவணை தள்ளிப்போனது. தொழிற்சாலைக்குள்ளும் சிலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்னால் ஓடர் போய் ஃபெக்டரி மூடப்பட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு நீயா சாப்பாடு கொடுப்பாய் என்று ஒருத்தி என் முன்னாலேயே கேட்டாள். அவளுடைய பயம் நியாயமானது. அதனால் அவளோடு நான் கோபிக்கவில்லை, ஆனால் விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கவும் இல்லை. ஓடரும் போகவில்லை.

கடைசியில் நிர்வாகம் இணங்கி வந்தது. என் கைக்கு நட்டஈடு தந்தார்கள். கடிதத்தில் அந்தச் சொல்லே இருந்தது, உதவி என்று எழுதவில்லை. எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது கூடிப்போனதாகவும் மற்றப் பாதிக்குக் குறைந்துபோனதாகவும் தெரிகிறது. ஒபரேசனுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. அக்காவுக்கு என்னைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது, அவர் வைத்த ஒப்பம் குறுக்கே நின்றது. ஆனாலும் கிடைத்தது. திரும்ப வேலைக்கு வரலாம் என்று நிர்வாகம் சொன்னதற்கு அவர் மறுத்துவிட்டார். போதும் புள்ள, இனி நான் வீட்டோட இருக்கன் என்றார்.

கையை மட்டும் மரக்கச் செய்துவிட்டுத்தான் ஒபரேசன் செய்தார்கள். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. தையல் வெட்டி இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு காலை, சீனிப் போத்தலைத் திறக்கும்போது சுட்டுவிரல் நுனியில் சீனி நறநறத்தது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை அப்படியே விரலை உரசிக்கொண்டு நின்றேன். பெருவிரலடியில் வற்றிய சதை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, திரும்பாமலும் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஈரத் துணியை இறுக்கிப் பிழிய வலது கையால் இப்போதும் ஏலாது.

நான் லீவு முடிந்து போனபோது கைபிடி மெசின்கள் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். இப்போது காலால் மிதித்தால் காற்றின் அழுத்தத்தில் பொத்தான் ஏறுகிறது. என்னைச் சட்டைகளைச் சரிபார்க்கும் மேசைக்குப் போட்டார்கள். அங்கே எழுதுகிற வேலைதான் கூட. முகாமையாளர் என்னைக் கண்டால் ஸலாம் சொல்வார், நானும் பதில் சொல்வேன். உம்மாவின் சுகம் மட்டும் இப்போது கேட்பதில்லை.

போன மாதம் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வந்தாள். பெட்டிகளைத் தலைக்கு மேலே தூக்கி அடுக்கி அடுக்கித் தோள் போய்விட்டது. கையை உயர்த்தி முக்காட்டைச் சரிசெய்யவும் முடியவில்லை அவளால். என்ன எழுத வேண்டும், யாருக்கு எழுத வேண்டும் என்றுதான் முதலில் கேட்டாள்.

"எழுதுறது பொறகு," என்றேன். "முதல்ல டொக்டரிட்டப் போங்க. நோவைச் சொல்லிட்டு வந்திராதீங்க, எப்பிடி வேல செய்ற எண்டு செஞ்சு காட்டுங்க."

"உங்களுக்குப் பயம் வரல்லயா ராத்தா?"

வந்தது என்றேன். பதிவுத் தபால் துண்டை வாங்கிக்கொண்டு தபால் கந்தோர் படியில் இறங்கும்போது கடிதத்தைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று பாதியில் நின்றதையும், ஆனால் திரும்பிப் போகவில்லை என்பதையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். ஆறரை பஸ்ஸுக்கு இருவரும் போவதென்று முடிவு செய்தோம்.